வீட்டு போன் அடித்தால் யார் எடுப்பார்கள்?

பதினோரு வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவள் என்ற உரிமையில் சொல்கிறேன். அவருடைய சொந்தப் பெயரை எங்கள் அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் போடுபவர் மட்டும்தான் எழுதினார். மற்ற எல்லோருக்கும் அவர் பிறந்தநாள் அக்கா.

எங்கள் வேலை தொலைபேசியில் ஊராரைக் கூப்பிட்டு உடம்பைப் பற்றி விசாரிப்பது. புகை பிடிப்பீர்களா, எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், ரத்த அழுத்தம் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று மொத்தம் ஐம்பத்து மூன்று கேள்விகள். வருடத்துக்கு ஒருமுறை, நகரத்தின் ஆரோக்கியம் இப்படி இருக்கிறது என்று சுகாதாரத் துறைக்கு அறிக்கை போகும். வீட்டு போனில் கூப்பிடும்போது எடுத்த ஆளிடமே எல்லாவற்றையும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால், போனுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்களின் உடம்பு மட்டும்தான் கணக்கில் வரும். அதனால் ஒரு விதி உண்டு. வீட்டில் பெரியவர்கள் எத்தனை பேர், அவர்களில் அடுத்து யாருக்குப் பிறந்தநாள் வருகிறது என்று கேட்டு, அந்த ஆளைக் கூப்பிடச் சொல்ல வேண்டும். சீட்டுக் குலுக்கிப் போடுவது போலத்தான்.

இந்தக் கேள்வியைக் கேட்டால் பத்தில் மூன்று பேர், "ஏன், கேக் அனுப்பப் போறீங்களா?" என்பார்கள். நாங்கள் தடுமாறுவோம். அக்கா தடுமாற மாட்டார்.

"அனுப்பலாங்க. அதுக்கு முன்னாடி உங்க சர்க்கரை அளவு தெரியணும், அதான் கேட்கறேன்" என்பார். எதிர்முனையில் சிரிப்புச் சத்தம் கேட்கும். ஐம்பத்து மூன்று கேள்விகளும் முடிந்துதான் அந்த போன் வைக்கப்படும்.

மூன்றாவது மாடியில் ஒரு நீளமான அறை. பன்னிரண்டு தடுப்புகள், பன்னிரண்டு கணினிகள், பஞ்சு பிய்ந்த ஹெட்செட்டுகள். அறையின் கோடியில் கண்ணாடிக் கூண்டுக்குள் எங்கள் தலைமைப் புள்ளியியலாளர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் தசமம். காலையில் மழை வருமா என்று கேட்டால்கூட "முப்பத்திரண்டு புள்ளி ஐந்து சதவீதம் வாய்ப்பு" என்பார். நல்ல மனிதர். சிரிப்பதற்கு மட்டும் ஆதாரம் கேட்பார்.

வருடா வருடம் அறிக்கை வரும்போது தசமத்தின் முகத்தில் ஒரு நிறைவு தெரியும். எங்கள் நகரத்தில் புகை பிடிப்பவர்கள் நான்கு புள்ளி இரண்டு சதவீதம். பெரும்பாலானோர் ஒன்பது மணிக்குத் தூங்கிவிடுகிறார்கள். தினமும் நடக்கிறார்கள். மூட்டுவலி ஒன்றைத் தவிர ஊருக்கு ஒரு குறையும் இல்லை.

"எந்த ஊரைச் சொல்றாரு?" என்று அக்கா என் காதைக் கடிப்பார். "நம்ம பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போயிருக்காரா?"

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. எங்களுக்கு எண் தெரியாது. கணினியே ஏதோ ஒரு எண்ணைத் தேர்ந்தெடுத்துச் சுழற்றும். திரையில் வரிசை எண் மட்டும் வரும். அக்கா வழக்கமான தேன் குரலில் தொடங்கினார்.

"வணக்கங்க. சுகாதாரக் கணக்கெடுப்பு அலுவலகத்திலேருந்து பேசறேன்."

"ஹலோ. யாரு? சத்தமா பேசும்மா."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். ஏதோ வசைபாடுகிற ஆள் போலிருக்கிறது என்று நானும் பொதுவான மேற்பார்வை இணைப்பில் காதைக் கொடுத்தேன்.

"உங்க வீட்டில பதினெட்டு வயசுக்கு மேல எத்தனை பேருங்க?"

"ரெண்டு பேர். நானும் என் மகனும்."

"பெண்கள் யாரும் இல்லைங்களா?"

"மருமக ஒருத்தி இருக்கா. அவளையும் சேர்க்கணுமா?"

"சேர்த்தா நல்லதுங்க."

"அப்போ மூணு. பேரன் ஒருத்தன், பத்தொன்பது வயசு. அவன் வீட்டுல இருக்கறதும் இல்லாததும் ஒண்ணுதான்."

"அவரையும் சேர்த்துக்கறேங்க. நாலு பேர். இதுல அடுத்து யாருக்குப் பிறந்தநாள் வருது?"

"எனக்குத்தான்."

அக்கா அழைப்பை நிறுத்தி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"என் மாமனார். சொந்தக்காரங்ககிட்ட நான் கேட்கக் கூடாது, விதி. நீ எடு."

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"ஹலோ சொன்னப்பவே."

"அப்போ ஏன் இவ்வளவு நேரம் பேசினீங்க?"

"அந்த வீட்டுல என்னை எண்ணறாங்களான்னு பார்த்தேன்" என்றார். "அவருக்குப் பிறந்தநாள் போய் ரெண்டு மாசம் ஆச்சு. சட்டை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை வர்றது என்னோடது."

நான் எடுத்தேன். மக்கள் சொல்லும் பதிலை வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறோம். ஆனால் அந்தப் பெரியவரே மறுநாள் முடிவெட்டும் கடையில் ஐம்பத்து மூன்று பதில்களையும் ஒப்பித்துவிட்டதால், இதில் நான் காட்டிக்கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. தினம் நாற்பத்தைந்து நிமிடம் நடை. ஒன்பது மணிக்குப் படுக்கை, ஐந்துக்கு எழுந்திருத்தல். புகையா, எங்கள் வம்சத்திலேயே கிடையாது. அடுத்த பிறந்தநாள் யாருக்கு என்று நானும் ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். "ஏம்மா, அந்தப் பொண்ணுகிட்டயே சொல்லிட்டேனே" என்று அதட்டினார். பதில் சொல்பவரின் வாக்கே வேதம், பதிவு செய்துகொண்டேன். அக்கா பக்கத்தில் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினார்.

மறுநாள் மதியம் சாப்பிடும்போது வீட்டுக் கதையைச் சொன்னார். மாமனார், நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், முந்தின நாள் சாயங்காலம் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்திருக்கிறார்.

"அரசாங்கமே என்னைக் கூப்பிட்டு உடம்பு எப்படி இருக்குன்னு விசாரிக்குது. தினம் நாற்பத்தஞ்சு நிமிஷம் நடக்கறேன்னு பதிவு பண்ணிக்கிச்சு. இந்த வீட்டுல யாராவது விசாரிச்சீங்களா?"

அக்காவின் கணவர் பேருந்து நடத்துநர். அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். "நாற்பத்தஞ்சு நிமிஷம் நடக்கறீங்களா? எங்கே அப்பா?"

"பால்கனியில. நடைன்னா நடைதானே?" என்றவர் மருமகளிடம் திரும்பினார். "உங்க ஆபீஸாத்தான் இருக்கும். முதல்ல ஒரு பொண்ணு பேசினா பாரு, என்ன பணிவு, என்ன பணிவு. நீயும் அதே வேலைதானே பண்றே? அவகிட்ட கொஞ்சம் கத்துக்கோம்மா."

"சரி மாமா. பார்த்தா சொல்றேன்" என்று அக்கா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறார்.

சிரித்து முடித்ததும் அக்காவுக்கு முகம் மாறியது. "யோசிச்சுப் பாரு. எங்க வீட்டுக்காரர் மொட்டை மாடித் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி நின்னு ஒரு நாளைக்கு அரை பாக்கெட் ஊதறாரு. எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு. பையன் தூங்கறதே விடியற நேரத்துல. நான் காலையில எழுந்தா கண்ணு இருட்டிக்கிட்டு வருது. ஆனா நம்ம கணக்குல எங்க வீடு ஒரு ஆசிரமம். இப்படி எத்தனை வீடோ?"

அடுத்த வாரக் கூட்டத்தில் இதைக் கேட்டும்விட்டார்.

"சார், லேண்ட்லைனை எடுக்கறது எல்லாம் வீட்டோட இருக்கற பெரியவங்கதான். பாதிப் பேர் இருமல் எனக்கு அடையாளம் தெரியுது. வேலைக்குப் போறவங்க, வாடகை வீட்டுல இருக்கற பசங்க, இவங்ககிட்ட எல்லாம் செல்போன்தான் இருக்கு. அதுக்கு நாம அடிக்கறதே இல்லையே?"

தசமம் விரல்களை மடக்கினார். செல்போன் எடுப்பவன் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பான். சின்னப் பிள்ளை கையில் இருக்கும். எண் இந்த ஊருடையதாக இருக்கும், ஆள் வேறு ஊரில் இருப்பான். ஒரு பேட்டி முடிக்க மூன்று மடங்கு நேரம் பிடிக்கும். "எல்லாத்துக்கும் மேல, ரெண்டும் வச்சிருக்கறவன் ரெண்டு தடவை மாட்டுவான். ஒரே ஆள் ரெண்டு ஆளா கணக்குல ஏறிடுவான்."

ஆனால் சுகாதாரத் துறைக்கும் அதே சந்தேகம் வந்திருந்தது. அந்த மாதமே செல்போனையும் சேர்க்கச் சொல்லிக் கடிதம் வந்தது. தசமம் வெள்ளைப் பலகையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிய இரண்டு வட்டங்கள் போட்டார். ஒரு வட்டம் வீட்டு போன் உள்ளவர்கள், இன்னொன்று செல்போன் உள்ளவர்கள். நடுவில் இரண்டும் உள்ளவர்கள். அந்தப் படத்துக்கு நாங்கள் மூக்குக் கண்ணாடி என்று பெயர் வைத்தோம்.

வழி இரண்டு என்றார். ஒன்று, செல்போனில் கூப்பிட்டு "வீட்டில் லேண்ட்லைன் இருக்கா?" என்று கேட்பது, இருக்கிறது என்றால் நன்றி சொல்லி வைத்துவிடுவது. அவர்களை லேண்ட்லைன் பக்கம் பிடித்துக்கொள்ளலாம். இன்னொன்று, எல்லோரிடமும் பேசிவிட்டு, இரண்டு வழியாகவும் மாட்டக்கூடியவர்களின் பதிலுக்குத் தரும் மதிப்பைப் பிறகு கணக்கில் குறைப்பது. தசமத்துக்கு முதல் வழிதான் பிடித்தது. "சுத்தமா இருக்கும்" என்றார். கணக்கில் கறை பட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

செல்போன் வேலை எங்கள் இருவருக்கும் விழுந்தது. அது வேறு உலகம். முதல் கேள்வி, இப்போது வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறீர்களா என்பது. ஆமாம் என்றால் உடனே வைத்துவிட வேண்டும். "ஆமா, ஆனா சிக்னல்ல நிக்கறேன், கேளுங்க" என்பார் ஒருவர். இன்னொருவர் காருக்கு அடியில் படுத்து நட்டு கழற்றிக்கொண்டே பதில் சொன்னார். தூக்கத்தைப் பற்றிக் கேட்டதும் அங்கேயே கொட்டாவி விட்டார். புகை பிடிப்பீர்களா என்ற கேள்விக்கு ஒரு பெண், "இருங்க, பத்த வச்சுட்டுச் சொல்றேன்" என்றாள். லேண்ட்லைனில் பதினோரு வருடம் கேட்டும் இப்படி ஒரு பதிலை நான் கேட்டதில்லை.

ஆனால் நூற்றுக்கு நாற்பது பேரிடம் பேச்சு தொடங்குவதற்கு முன்பே முடிந்தது. "லேண்ட்லைனா? இருக்கே" என்பார்கள். நன்றி சொல்லி வைத்துவிட வேண்டும். இதுதான் அக்காவை அரித்தது. ஒருநாள் என் காதுபடவே, தாளில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"வச்சுடறேங்க. ஒண்ணே ஒண்ணு. அந்த வீட்டு போன் அடிச்சா யாரு எடுப்பாங்க?"

"அதை எவன் எடுப்பான்? இன்டர்நெட்டுக்காக வாங்கினது. சோபாவுக்குப் பின்னாடி எங்கயோ கிடக்கு."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். எங்கள் தொழிலில் எழுதாத கேள்வியைக் கேட்பது என்பது, சமையல்காரர் யாரும் கேட்காத ஒரு பொடியைப் பந்தி முழுவதற்குமான குழம்பில் தூவுவது மாதிரி. எல்லா அழைப்பும் பதிவாகும். அக்காவுக்கு அது தெரியும். மூன்று வாரம் கேட்டார். பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கம் கோடு கோடாகப் போட்டு வைத்துக்கொண்டார்.

பதிவுகளைச் சோதித்தபோது கையும் களவுமாக அகப்பட்டார். தசமம் கூண்டுக்குள் கூப்பிட்டார். சாட்சிக்கு என்னையும்.

"அச்சடிக்காத கேள்வியை எப்படிக் கேட்டீங்க? பத்தொன்பது வருஷ அனுபவம் உங்களுக்கு."

"தப்புதான் சார்" என்று அக்கா நாள்காட்டித் தாளை மேஜையில் வைத்தார். "ரெண்டும் இருக்குன்னு சொன்னவங்க இருநூத்திப் பதினாலு பேர். வீட்டு போனைத் தானே எடுப்பேன்னு சொன்னவங்க முப்பத்தொண்ணு. வேற யாரோ எடுப்பாங்கன்னு எண்பத்தேழு. யாருமே எடுக்க மாட்டோம்னு தொண்ணூத்தாறு."

தசமம் கோபமாகத்தான் இருந்தார். ஆனால் அவர் வாய் அவரைக் கேட்காமல் "பதினாலு புள்ளி ஐந்து" என்றது.

"சார், என்னையே எடுத்துக்குங்க. என்னை உங்க கணக்குல எப்படிப் பிடிப்பீங்க? இப்பவே எங்க வீட்டுக்கு அடிங்க."

தசமம் தயங்கினார். பிறகு ஆர்வம் ஜெயித்தது. மேஜை போனில் ஒலிபெருக்கியைப் போட்டு அடித்தார். மாமனார் எடுத்தார்.

"ஐயா, உங்க மருமககிட்டப் பேசணும்."

"அவ இல்லை. இருந்தாலும் வரமாட்டா. நாள் பூரா போன் பேசறது அவ தொழில், வீட்டுக்கு வந்தா போனைத் தொடமாட்டா. என்ன விஷயம், என்கிட்டச் சொல்லுங்க. எங்க வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கோம்."

தசமம் வைத்தார். அக்கா தன் செல்போனை நீட்டினார். "இப்போ இதுக்கு அடிச்சு, உங்க தாள்ல இருக்கறதைக் கேளுங்க."

ஒரே மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டு இருவரும் போனில் பேசினார்கள்.

"வீட்டில் லேண்ட்லைன் இருக்கா?" என்றார் தசமம்.

"இருக்குங்க."

தசமத்தின் வாயில் "நன்றி" என்ற சொல் வந்து பாதியில் நின்றது. எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணியை முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தார். அந்த வழியிலும் இவர் இல்லை, இந்த வழியிலும் இல்லை. மூக்குக் கண்ணாடியின் நடுவில் விழுந்து காணாமல் போயிருந்தார்.

அன்று சாயங்காலம் அக்காவுக்கு இரண்டு காகிதங்கள் வந்தன. ஒன்று, அனுமதியின்றிக் கேள்வி கேட்டதற்கான எச்சரிக்கைக் குறிப்பாணை. இன்னொன்று, செல்போனில் எல்லோரிடமும் முழுப் பேட்டி எடுக்க வேண்டும், வீட்டு போனை யார் எடுப்பார்கள் என்ற கேள்வி எட்டாம் எண்ணாகச் சேர்க்கப்படுகிறது என்ற உத்தரவு. இரண்டிலும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. "முதல் காகிதத்துக்குத்தான் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டணும்" என்றார் அக்கா. "இன்னொண்ணுல என் பேரே இல்லை."

புதிய தாளை யாரிடமாவது வாசித்துப் பழக வேண்டியிருந்தது. நான் அக்காவையே உட்கார வைத்துக் கேட்டேன். விளையாட்டாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தவர் முப்பத்தோராம் கேள்வியில் நின்றுவிட்டார்.

"கடைசியாக எப்போது ரத்த அழுத்தம் பார்த்தீர்கள்?"

மறுபடி கேட்டேன்.

"பையன் பிறந்தப்ப பார்த்திருப்பாங்க" என்றார் மெதுவாக. "பத்தொன்பது வருஷமா ஊரையே கேட்டிருக்கேன். என்னை நான் கேட்டதே இல்லை பாரு."

அன்றே நான் இழுத்துக்கொண்டு போனேன். நூற்று அறுபதுக்கு நூறு. "உங்க மிஷின் ரிப்பேரா?" என்று செவிலியரிடம் அக்கா கேட்டார். செவிலியர் மருத்துவரின் அறையைக் காட்டினார். அன்றிலிருந்து காலையில் ஒரு மாத்திரை. கண் இருட்டுவது நின்றது.

அந்த வருட அறிக்கை வந்தபோது எங்கள் நகரம் ஒரே வருடத்தில் நோயாளியாகிவிட்டது. புகை பிடிப்பவர்கள் பதினாறு புள்ளி எட்டு. தூக்கமில்லாதவர்கள் இரண்டு மடங்கு. ரத்த அழுத்தம் பார்த்தே இராதவர்கள் பட்டியலில், அதுவரை இல்லாத முப்பது, நாற்பது வயதுக்காரர்கள் குவிந்திருந்தார்கள். துறையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி கூப்பிட்டுக் கத்தினார். கண்ணாடிக்கு வெளியே எங்களுக்கே கேட்டது.

"ஒரு வருஷத்துல ஊரே கெட்டுப்போச்சாய்யா?"

"ஊர் கெடலை சார்" என்றார் தசமம், எழுந்து நின்றுகொண்டு. "இத்தனை வருஷமா நாம பேசினது ஊரோட இல்லை. போன் பக்கத்துல உட்கார்ந்திருக்கறவங்களோட." பிறகு போனை வைத்துவிட்டு வெளியே வந்து, யாரும் ஆதாரம் காட்டாமலே சிரித்தார். நாங்கள் பயந்துபோனோம்.

கத்தினாலும், ஆறு மாதத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு அருகே, வேலை முடிந்து வருபவர்களுக்காக ஒரு மாலைநேர மருத்துவ அறையைத் திறந்தார்கள். முதல் வாரமே வரிசை சாலை வரை நின்றது. அக்காவின் கணவரும் அந்த வரிசையில் ஒருநாள் நின்றார். செய்தித்தாளில் பதினாறு புள்ளி எட்டைப் படித்துவிட்டு, "இதுல நானும் இருக்கேனா?" என்று மனைவியிடம் கேட்டாராம்.

"உங்க நம்பர் விழுந்துச்சான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது."

"விழுந்திருந்தா உண்மையைத்தான் சொல்லியிருப்பேன்."

"தொட்டிக்குப் பின்னாடி இருந்து பேசியிருந்தா சிக்னல் கிடைச்சிருக்காது" என்றாராம் அக்கா. மனிதருக்கு நெடுநேரம் இருமல். இப்போது ஒரு நாளைக்கு இரண்டு என்று குறைத்திருக்கிறார். இது அவர் சொன்ன கணக்கு, பொறுப்பு அவருடையது.

மாமனாருக்குத்தான் மனக்குறை. இனிமேல் செல்போனுக்கும் அடிப்பார்கள் என்று கேள்விப்பட்டதும் பேரனை அழைத்துப் போய் ஒரு செல்போன் வாங்கிவந்துவிட்டார். பெட்டியைப் பிரிப்பதற்குள் மருமகளிடம் கேட்டார்.

"இப்போ நான் ரெண்டுலயும் வருவேன் இல்லையா?"

"வரலாம் மாமா. ஆனா ரெண்டும் இருக்கறவங்களைப் பாதி ஆளாத்தான் கணக்கு வைப்பாங்க. இல்லைன்னா ஒருத்தரே ரெண்டு பேரா ஆயிடுவாரே."

"பாதியா?" நீதிமன்றத்தில் நாற்பது வருடம் முழு ஆளாக இருந்தவர். நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "யாரு போட்ட விதி இது?"

"பெரிய பெரிய கணக்குக்காரங்க போட்டது மாமா."

"உன்னையும் அப்படித்தான் எண்ணுவாங்களா?"

"என்னையும்தான்."

மாமனார் விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தார். "அப்போ நீயும் நானும் சேர்ந்தா ஒரு ஆளு."

"ஆமா மாமா."

"சரி, போகட்டும்" என்று செல்போனைக் கையில் எடுத்தவர், முதலில் யார் எண்ணைப் பதிவது என்று பேரன் கேட்டபோது மருமகளுடையதைச் சொன்னார். அன்றிலிருந்து தினமும் பன்னிரண்டரை மணிக்குக் கூப்பிடுகிறார். விஷயம் ஒன்றும் இருக்காது. மாத்திரை போட்டாயா என்று கேட்பார், அல்லது பால்கனியில் இன்றைக்கு எத்தனை சுற்று என்று சொல்வார். அக்கா ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் போய்ப் பேசிவிட்டு வருவார். அந்தப் பத்து நிமிடம் அவருடைய அழைப்புகளும் என் தலையில்தான் விழும்.